கடைசி பெஞ்ச் 'ஏ பிளஸ்'! தெரியுமா?

2015 வாக்கில் ஜெர்மனியிலோ பிரான்சிலோ ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக ஃபிரிட்ஜ்கள். ஒன்றின் கதவில் இளம்பச்சை அம்பு, அதன் மேல் கொட்டை எழுத்தில் 'ஏ+'. ஆஹா, ஏ வாங்கினாலே முதல் ரேங்க், இதில் பிளஸ் வேறு! உடனே பில் போடச் சொல்லிவிடுவீர்கள்தானே? கொஞ்சம் பொறுங்கள். கம்ப்ரசர் வைத்த ஃபிரிட்ஜ்களில், சந்தைக்குப் புதிதாக வர அனுமதி இருந்தவற்றிலேயே மட்டமான ரகம் அந்த ஏ+ தான்!

ஐரோப்பிய ஒன்றியத்தில் பி, சி, டி ரக ஃபிரிட்ஜ்களின் வரவு 2010 ஜூலையிலேயே நின்றுவிட்டது. 2012 ஜூலையில் ஏ-யும் போச்சு. ஆனாலும் லேபிளில் அந்த எழுத்துகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஜோராக அச்சாகிக்கொண்டேதான் இருந்தன. வகுப்பில் இல்லாத மாணவர்களின் பெயரையும் ரேங்க் பட்டியலில் சேர்த்து, கடைசி பெஞ்ச்காரரை நடுவில் உட்காரவைத்த கதை!

எப்படி வந்தது இந்தக் கூத்து? 1992-ல் ஐரோப்பிய சமூகம் ஒரு சட்டம் போட்டது. வீட்டுச் சாமான் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதைக் கடையிலேயே காட்ட வேண்டும். ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்து, பச்சை முதல் சிவப்பு வரை ஏழு அம்பு. அவ்வளவுதான். 1995 முதல் ஃபிரிட்ஜ்களில் அது ஏறியது. மொழி தெரியாதவருக்கும் புரிகிற எளிமை.

பிரமாதமாக வேலை செய்தது. அதுதான் தொல்லையே! கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு மெஷின்களைத் திருத்தின. ஏ-யில் கூட்டம் நெரிந்தது. அடுத்து என்ன செய்வது? அளவுகோலை இறுக்கி, நேற்று ஏ வாங்கியவரை இன்று சி-க்குத் தள்ள வேண்டும். எந்தத் தயாரிப்பாளர் ஒப்புக்கொள்வார்? ஆகவே 2003-ல் மேலே இரண்டு மாடி கட்டினார்கள்: ஏ+, ஏ++. 2010-ல் மூன்றாவது மாடி: ஏ+++. யார் மனமும் நோகாத சமரசம். படிக்கிறவர் தலைதான் சுற்றியது, ஏனென்றால் எந்தச் சாமானுக்கு எத்தனை பிளஸ் வரை உண்டு என்பது சாமானுக்குச் சாமான் வேறு!

அந்த பிளஸ்கள் மக்களின் மனசையே மாற்றிவிட்டன, தெரியுமா? சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்துச் சோதித்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். பழைய ஏ-ஜி லேபிளைக் காட்டியபோது, வாங்குபவர் மின் சிக்கனத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார். ஏ+++ லேபிளைக் காட்டியதும் பார்வை விலை பக்கம் திரும்பிவிட்டது. பின்னே? ஏ-க்கும் டி-க்கும் இடையில் மலையளவு தூரம் தெரிகிறது. ஏ+ இலிருந்து ஏ+++ வரை போனால் இரண்டு சின்னக் கூட்டல் குறிதானே!

சரி, இதை எப்படி எளிமைப்படுத்தினார்கள்? இங்கேதான் அசல் ஆச்சரியம்.

2017-ல் வந்த புதிய சட்டம் பிளஸ்களை அடியோடு ஒழித்தது. பழையபடி ஏ முதல் ஜி. கூடவே ஒரு விசித்திரமான விதி: புதிய லேபிள் அறிமுகமாகும் நாளில் ஏ வகுப்பில் ஒரு மெஷின்கூட இருக்கக் கூடாது! ஆமாம், முதல் இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதே விதி. தொழில்நுட்பம் வேகமாக ஓடும் சாமான் என்றால் பி-யும் காலி. விற்கும் மாடல்களில் 30 சதவீதம் ஏ-யை எட்டினாலோ, ஏ, பி இரண்டும் சேர்ந்து 50 சதவீதத்தைத் தொட்டாலோ, மறுபடி அளவுகோலை இறுக்குவது பற்றி யோசிக்க வேண்டும். எல்லாரும் பாஸானால் கேள்வித்தாளைக் கடினமாக்கு என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்! எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். லேபிளை ஒருமுறை எளிமையாக்கிவிட்டுப் போய்விட முடியாது. எளிமையாகவே வைத்திருக்க, அவ்வப்போது எல்லார் மார்க்கையும் குறைக்கிற துணிச்சல் ஒருவருக்கு இருக்க வேண்டும்.

2021 மார்ச் 1. ஐரோப்பா முழுக்க ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் மெஷின், தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மார்க் மாறியது. அதற்கு நான்கு மாதம் முன்பிருந்தே பெட்டிக்குள் பழையது ஒன்று, புதியது ஒன்று என இரண்டு லேபிள்கள் வைத்து அனுப்பினார்கள். குறித்த நாள் வரை புதியதைக் கடைக்காரர் ஒட்டக் கூடாது. நாள் வந்ததும் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்ட அவருக்குக் கிடைத்த அவகாசம் வெறும் 14 வேலை நாட்கள்! பிப்ரவரி கடைசியில் ஏ+++ ஆக நின்ற ஃபிரிட்ஜ், மார்ச்சில் சி என்றோ டி என்றோ நின்றது. உள்ளே ஒரு திருகாணிகூட மாறவில்லை.

பல்பு பாடு இன்னும் பரிதாபம்! அந்தச் செப்டம்பரில் பல்புகளின் முறை வந்தது. நாம் வழக்கமாக மாட்டும் எல்.இ.டி. பல்பு, ஒரு வாட் மின்சாரத்துக்குச் சுமார் 100 லூமென் வெளிச்சம் தரும். பழைய கணக்கில் அது ஏ++ வரை போகும். புதிய கணக்கில்? எஃப்! ஏ வேண்டுமென்றால் வாட்டுக்கு 210 லூமென் தர வேண்டும். எட்டவே முடியாத உயரம் என்று நினைத்தீர்களா? பிலிப்ஸ் பெயரில் 4 வாட்டில் 840 லூமென் தரும் பல்பு வந்தேவிட்டது. வகுத்துப் பாருங்கள், சரியாக 210. காலியான நாற்காலியை முன்னால் போட்டுவைத்தால் உட்கார ஒருவர் வந்துவிடுகிறார்!

இன்னொரு சின்ன மாற்றம், பெரிதாக யாரும் பேசாதது. பழைய லேபிளில் வாஷிங் மெஷின் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று இருந்தது. ஆண்டுக்கு எத்தனை தடவை துவைப்பீர்கள்? கணக்குப்படி 220. பாத்திரம் கழுவும் மெஷினுக்கு 280. தனி ஆளாக இருப்பவருக்கும் சரி, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் சரி, அதே எண்! புதிய லேபிள் 100 தடவைக்கு இத்தனை யூனிட் என்கிறது. நம் வீட்டுக்கு ஏற்ப நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சோதனையும் மாறியது. டிரம் நிறையத் துணி, பாதித் துணி, கால்வாசித் துணி என மூன்று விதமாகத் துவைத்துப் பார்க்கிறார்கள். டிரம் நிறைய சேர்த்துவைத்துத் துவைக்கிறவர் எத்தனை பேர்?

லேபிளின் மூலையில் ஒரு க்யூ.ஆர். குறியீடும் வந்தது. ஸ்கேன் செய்தால் ஒன்றியத்தின் பொதுப் பதிவேட்டில் அந்த மாடலின் பக்கமே திறக்கும். ஒட்டும் தாளில் இடம் இல்லாத விவரமெல்லாம் அங்கே போய்விட்டது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு இங்கிலாந்துக் கடைகளில் லேபிளின் கொடி மாறிவிட்டது. ஆனால் அதே நாட்டைச் சேர்ந்த வட அயர்லாந்தில் இன்னும் ஐரோப்பிய லேபிள்தான்!

இவ்வளவு கவனமானவர்களே ஒரு இடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். வேக்யூம் கிளீனருக்கு 2014 செப்டம்பரில் லேபிள் வந்தது. அந்தச் சோதனை எப்படி நடந்தது தெரியுமா? தூசி சேரும் பை காலியாக இருக்கும்போது! வீட்டில் பை நிறைய நிறைய இழுக்கும் சக்தி குறையும் மெஷின்கள் உண்டு. அதெல்லாம் கணக்கிலேயே வராது. பையே இல்லாத மெஷின் செய்யும் டைசன் கம்பெனி வழக்குப் போட்டது. ஒருமுறை தோற்றது. விடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனது. கடைசியில் 2018 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. முடிந்தவரை நிஜப் பயன்பாட்டுக்கு நெருக்கமாகத்தான் அளக்க வேண்டும் என்றது. 2019 ஜனவரியில் வேக்யூம் கிளீனர்களில் இருந்து லேபிளே காணாமல் போனது! (பிறகு நஷ்ட ஈடாக 17 கோடி யூரோவுக்கு மேல் கேட்டது டைசன். அது கிடைக்கவில்லை.)

தூசி இல்லாத சோதனையாவது பரவாயில்லை. சாமானே இல்லாமல் முத்திரை கொடுத்த கதை தெரியுமா? அது அமெரிக்காவில்!

அங்கே எனர்ஜி ஸ்டார் என்ற நீல முத்திரை 1992-ல் கம்ப்யூட்டர்களில் தொடங்கியது. சிக்கனமான சாமான் என்று அரசே தரும் நற்சான்று. 2010-க்கு முன்பு அதை வாங்குவது படு சுலபம். எங்கள் சாமான் இவ்வளவுதான் மின்சாரம் எடுக்கும் என்று கம்பெனி தானே எழுதிக்கொடுத்தால் போதும் என்கிற நிலை. ஜி.ஏ.ஓ. என்கிற தணிக்கை அமைப்புக்குச் சந்தேகம் வந்தது. உலகத்திலேயே இல்லாத நான்கு கம்பெனிகளை உருவாக்கி, இல்லாத 20 சாமான்களுக்கு விண்ணப்பம் போட்டது. எத்தனைக்கு முத்திரை கிடைத்தது தெரியுமா? பதினைந்துக்கு! நிராகரித்தது இரண்டே இரண்டு. மூன்றுக்குப் பதிலே இல்லை.

அந்தப் பதினைந்தில் என்னவெல்லாம் இருந்தன தெரியுமா? பெட்ரோலில் ஓடும் அலாரம் கடிகாரம்! சின்ன ஜெனரேட்டர் அளவு இருக்கும் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார்கள். அதற்கும் முத்திரை! அறைக் காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி என்று இன்னொன்று. படத்தைப் பார்த்தால் ஒரு சாதாரண ஹீட்டர், அதன் மேல் இறகுத் துடைப்பம் ஒன்றும், ஈ பிடிக்கும் ஒட்டுத்தாளும். அதற்கும் ஆம் என்றார்கள். இதைவிட வேடிக்கை, முத்திரைப் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு, நிஜக் கம்பெனிகள் அந்தப் போலிக் கம்பெனிகளிடம் சரக்கு கேட்டு எழுதின! முத்திரையைத் தரும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெட்கப்பட்டு, 2011 முதல் மூன்றாம் தரப்பு பரிசோதித்துச் சான்றளித்தால்தான் முத்திரை என்று மாற்றியது. வாங்குபவருக்கு எளிமையாக்குவது வேறு, விற்பவருக்கு எளிமையாக்குவது வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் போனால் இறகுத் துடைப்பம் வந்து நிற்கிறது.

அமெரிக்காவில் இன்னொரு லேபிளும் இருக்கிறது. மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து, எனர்ஜி கைடு என்று பெயர், 1980 முதல் கட்டாயம். 2007-ல் அதைத் திருத்தி எழுதியபோது ஃபெடரல் டிரேட் கமிஷன் ஐந்து நட்சத்திர டிசைனையும் பரிசீலித்தது. எனர்ஜி ஸ்டாரோடு மக்கள் குழப்பிக்கொள்வார்கள் என்பதும் ஒரு காரணமாகி, நட்சத்திரம் வேண்டாம் என்று விட்டுவிட்டது. அதற்குப் பதில் நடுவில் பெரிதாக ஒரே எண்: ஆண்டுக்கு இத்தனை டாலர். எழுத்து இல்லை, நட்சத்திரம் இல்லை, உங்கள் பர்ஸிலிருந்து போவது மட்டும்!

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அதை அப்படியே தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இங்கே வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பிறகு படிப்படியாக விலை ஏறும். 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கூடுதல் விலை! அதே ஃபிரிட்ஜ், அதே யூனிட். ஒரு வீட்டில் காசு கொஞ்சம், 490-ல் நிற்கும் வீட்டில் எல்லையைத் தாண்டவைத்துப் பில்லையே எகிறச் செய்யும். எந்த ரூபாயை லேபிளில் அச்சடிப்பது? நம் ஊர் லேபிளில் யூனிட் இருப்பதே நமக்கு வசதி.

அந்த லேபிளைப் பற்றித்தான் இனி. எரிசக்தித் திறன் பணியகம், கடைக்காரர் மொழியில் சொன்னால் பி.இ.இ., 2006-ல் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. அப்போது விருப்பம் இருந்தால் ஒட்டலாம். 2010 ஜனவரி 7 முதல் ஏ.சி.-க்கும், ஐஸ் கட்டாத ஃபிரிட்ஜுக்கும், டியூப் லைட்டுக்கும் கட்டாயமானது. சீலிங் ஃபேனுக்கு? 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது! வீட்டுக்கு வீடு, அறைக்கு அறை, ராத்திரி முழுக்கச் சுற்றும் சாமானுக்கு இத்தனை தாமதமா என்று ஆற்றாமையாகத்தான் இருக்கிறது. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்தது 30 வாட்டைச் சுற்றி. பாதிக்கும் கீழே!

ஐரோப்பாவில் தயங்கித் தயங்கிச் செய்ததை இந்தியா சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது, தெரியுமா? நம் நட்சத்திரங்களுக்குக் காலாவதித் தேதி உண்டு! லேபிளை உற்றுப் பாருங்கள், எந்தக் காலத்துக்குச் செல்லும் என்று அச்சிட்டிருக்கும். ஸ்பிளிட் ஏ.சி.-யின் திறனைச் சொல்லும் 'ஐசீர்' எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் 4.5 எடுத்தால் ஐந்து ஸ்டார். 2022 ஜூலையில் ஐந்து ஸ்டாருக்கு 5.0 வேண்டும் என்று ஆனது. பழைய 4.5 நான்கு ஸ்டாருக்கு இறங்கியது. 3.5-ல் இருந்த மூன்று ஸ்டார் இரண்டாகியது. 3.1-ல் தொற்றிக்கொண்டிருந்த ஒற்றை ஸ்டார் ஏ.சி.-க்கு இடமே இல்லாமல் போனது, ஏனென்றால் அப்போது நுழைவே 3.3! ஆக, பழைய ஸ்டாக் ஐந்து ஸ்டார், தள்ளுபடியில் தருகிறோம் என்று கடையில் ஆசை காட்டினால், நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் ஐசீர் எண்ணையும் ஆண்டையும் பாருங்கள். நட்சத்திரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், 4.5 எந்த ஆண்டிலும் 4.5 தான்.

இன்னொன்று! ஏ.சி. லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருக்கிறதே, அது எத்தனை மணி நேர ஓட்டம் தெரியுமா? 1,600 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் போட்டால் 200 ராத்திரி. வெளியே 24 டிகிரி முதல் 43 டிகிரி வரை வெயில் மாறி மாறி அடிப்பதாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. சென்னைக்கும் குளிர் நடுங்கும் லே நகருக்கும் ஒரே எண்தான். ஆஸ்திரேலியாக்காரர்கள் இதில் ஒரு படி மேலே போனார்கள். 2020 முதல் அவர்கள் ஏ.சி. லேபிளில் ஒரு வரைபடமே இருக்கிறது. சூடான பகுதி, நடுத்தரம், குளிர்ந்த பகுதி என மூன்று மண்டலம், மூன்றுக்கும் தனித்தனி நட்சத்திரம். எளிமை கொஞ்சம் குறைந்தது, உண்மை கொஞ்சம் கூடியது. நமக்கும் இது வேண்டும் என்பேன்.

2020 ஜனவரியில் இன்னொரு விதி வந்தது. நட்சத்திர லேபிள் உள்ள அறை ஏ.சி.-யை ஆன் செய்தால், தானாக 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும். வேண்டுமென்றால் ரிமோட்டில் குறைத்துக்கொள்ளலாம். லேபிளைப் படிக்காதவருக்கும் சேர்த்து யோசித்த விதி இது.

உலகம் சுற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை! இந்தியாவில் 5 என்றால் சிறந்தது. தாய்லாந்திலும் 5 தான் ராஜா. சீனாவிலும் தென் கொரியாவிலும் 1 தான் சிறந்தது, 5 கடைசி! சிங்கப்பூரில் நட்சத்திரமே இல்லை, டிக் அடையாளம். ஆஸ்திரேலியா 1986-ல் ஆறு நட்சத்திரத்தோடு தொடங்கி, இப்போது பத்து வரை போகிறது. ஜப்பான் லேபிளிலோ மதிப்பெண் 1.0 முதல் 5.0 வரை 0.1, 0.1 ஆக ஏறும், மொத்தம் 41 படி!

ஜப்பானின் இன்னொரு தந்திரம் தெரியுமா? 1998-ல் திருத்திய சட்டம். இன்று சந்தையில் இருப்பதிலேயே சிக்கனமான மெஷினைக் கண்டுபிடி. அதன் அளவை எடு. இத்தனை ஆண்டுக்குள் எல்லாக் கம்பெனியும் சராசரியாக அதை எட்ட வேண்டும் என்று அறிவி. முதல் ஆள் எங்கே ஓடுகிறாரோ அங்கேதான் மற்ற எல்லாருக்கும் கோடு. திட்டத்துக்குப் பெயரே டாப் ரன்னர்!

கடைசியாக, உங்கள் சட்டைப் பையில் இருப்பது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பாவில் செல்போனுக்கும் டேப்லெட்டுக்கும் இந்த லேபிள் வந்துவிட்டது. ஏ-ஜி எழுத்து மட்டுமல்ல, ஒரு முறை சார்ஜ் போட்டால் எத்தனை மணி நேரம் தாங்கும், பேட்டரி எத்தனை சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதத்தைப் பிடிக்கும், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று எல்லாம் படம் போட்டிருக்கிறது. கீழே விழுந்தால் தாங்குமா என்பதற்கும் தனி வகுப்பு! ஒரு மீட்டர் உயரத்திலிருந்து உறை இல்லாமல் மறுபடி மறுபடி விழவைக்கிறார்கள். மடிக்காத போன் என்றால் 45 தடவையாவது பிழைக்க வேண்டும். 270 தடவை விழுந்தும் வேலை செய்தால் அதற்கு ஏ.

ஆப்பிள் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தன் ஐபோன்களுக்கு மின் சிக்கனத்தில் ஏ கிடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டு, தானாகவே பி என்று குறைத்துப் போட்டுக்கொண்டது! சோதனை விதிகளின் வாசகம் தெளிவாக இல்லை, வேறொரு சோதனைக்கூடம் வேறு விதமாக அளந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமாம். அந்த ஒற்றை எழுத்தை ஏன் அப்படிப் போட்டோம் என்று விளக்க அது வெளியிட்ட ஆவணம் எத்தனை பக்கம் தெரியுமா? 44!